காரைக் காட்டினார், காசை வாங்கினார், கடையைக் காணோம்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை செய்கிறேன். கணவருக்கு நூற்பாலையில் வேலை. மாமியாருக்கு வாரம் இரண்டு முறை மதுரையில் டயாலிசிஸ். பஸ்ஸில் அழைத்துப் போய் வர முடியாத நிலை வந்ததால் பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்தோம். கோவையில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் வெள்ளை நிற வேகன் ஆர் ஒன்றை 3,90,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். நகையை அடகு வைத்து 80,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். 50,000 செல்போன் வழியாக, 30,000 ரொக்கமாக. ரசீது 50,000-க்கு மட்டும்தான் தந்தார். பத்து நாளில் வண்டி என்றவர், 'என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வரவில்லை', 'ஆர்.சி. புத்தகம் வங்கியில் இருக்கிறது' என்று இரண்டு மாதம் இழுத்தார். நேரில் போய்ச் சண்டை போட்டதும் 80,000-க்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். கணக்கில் பணமில்லை என்று அது திரும்பிவிட்டது. மறுபடி போனால் கடை இருந்த இடத்தில் காலி மனைதான் இருக்கிறது. காவல் நிலையத்தில், 'இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்கிறார்கள். 'போனது போகட்டும், இதற்கு மேலும் அலைந்து செலவழிக்க வேண்டாம்' என்கிறார் கணவர். ரசீது, காசோலை, வங்கிச் சீட்டு, கார் அருகே என் மகன் நிற்கும் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். நான் ஏமாளிதான் என்று ஊரே சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, விட வேண்டாம். ஊர் சொல்வதைக் காதில் வாங்கவும் வேண்டாம். நகையை அடகு வைத்து மாமியாரின் சிகிச்சைக்காகக் கார் வாங்கப் போனவர் நீங்கள். தலைகுனிய வேண்டியவர் அந்தக் கடைக்காரர்.

முதலில் காசோலை. இதை உங்களிடம் தொலைபேசியில் முன்பே சொல்லிவிட்டேன். இதழ் அச்சாகும் வரை காத்திருந்தால் கெடு தாண்டிவிடும் என்ற பயம்தான் காரணம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். காசோலை திரும்பியது என்று வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அறிவிப்பு கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தரவில்லை என்றால், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இது. இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்துக்கூட விதிக்க இடமிருக்கிறது. உங்கள் கணக்கு திண்டுக்கல் கிளையில் இருப்பதால் வழக்கையும் திண்டுக்கல்லிலேயே போடலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள்.

'ஆளே இல்லாத முகவரிக்கு அறிவிப்பு அனுப்பி என்ன பயன்' என்று கேட்டீர்கள். கடை முகவரிக்கு ஒன்று, அவர் வீட்டு முகவரி தெரிந்தால் அங்கே ஒன்று என்று, ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால், 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதித் திரும்பி வந்தாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படித் திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

சிலர் இப்படிப்பட்ட காசோலையை, 'அடுத்த வாரம் போடுங்கள், அதற்கடுத்த வாரம் போடுங்கள்' என்ற பேச்சை நம்பி மேசை இழுப்பறையில் வைத்திருப்பார்கள். காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் போனால் அது வெறும் காகிதம். காலம் கடத்தத்தான் அதைக் கொடுக்கிறார்கள். நீங்கள் உடனே வங்கியில் போட்டீர்கள் பாருங்கள், நடந்தது அத்தனையிலும் உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் பெரிய பலம் அதுதான்.

அடுத்தது காவல் நிலையம். 'கொடுக்கல் வாங்கல் விவகாரம்' என்ற பதில் எனக்குப் புதிதல்ல. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதியிலாவது இந்த வரி இருக்கும். அதில் ஓரளவு சட்டமும் இருக்கிறது. சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போவது மோசடிக் குற்றம் ஆகாது. வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லாமல் வாங்கியிருக்க வேண்டும். இதைக் காட்டிவிட்டால் அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவுக்குள் வந்துவிடும்.

அதை எப்படிக் காட்டுவது? உங்கள் ரசீதைப் பார்த்தேன். 'வெள்ளை வேகன் ஆர் அட்வான்ஸ்' என்று எழுதி, தொகையைப் போட்டு, ரப்பர் முத்திரை குத்தியிருக்கிறார். பதிவு எண் இல்லை, சேசிஸ் எண் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. ஆனால் உங்கள் மகன் பானெட்டில் சாய்ந்து நிற்கும் படத்தில், அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் நம்பர் பிளேட் முழுதாகத் தெரிகிறது. அந்த எண்ணை, வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் வரும். ஆனாலும் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது, கடன் பாக்கி இருக்கிறதா, காப்பீடு எதுவரை என்பவை தெரிந்துவிடும். முழு விவரத்தையும் கேட்டு வாங்கக் காவல் துறைக்கு அதிகாரம் இருக்கிறது.

இப்படிப்பட்ட கடைகளில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை கடைக்காரருடையவை அல்ல. 'பார்க் அண்ட் சேல்' என்பார்கள். சொந்தக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவார், விற்றால் கடைக்குக் கமிஷன். காலி மனை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தகரக் கொட்டகை போட்டு, தோரணம் கட்டிவிட்டால் போதும், கையில் ஒரு ரூபாய் முதல் இல்லாதவர்கூட இருபது கார்களுக்கு முதலாளி போலத் தோன்றுவார். நீங்கள் அந்த இருபது கார்களைப் பார்த்துத்தான் 80,000 கொடுத்தீர்கள். அவற்றில் ஒன்றுகூட உங்கள் பணத்துக்குப் பிணை இல்லை.

அதனால் அந்த வேகன் ஆரின் சொந்தக்காரர்தான் உங்களுடைய முக்கியமான சாட்சி. 'நான் அந்தத் தேதிக்கு முன்பே வண்டியை எடுத்துப் போய்விட்டேன்' என்றோ, 'அவரிடம் விற்கச் சொல்லவே இல்லை' என்றோ, 'வேறொருவரும் இதே வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்ததாக என்னிடம் வந்தார்' என்றோ அவர் சொன்னால், அதற்குமேல் அதை யாரும் கொடுக்கல் வாங்கல் என்று தள்ளிவிட முடியாது. கடைக்கு அக்கம்பக்கத்தில் டீக்கடை, பஞ்சர் கடை இருந்தால் விசாரியுங்கள். உங்களைப் போல வந்து காலி மனையைப் பார்த்துவிட்டு நின்றவர்கள் இருப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து கொடுக்கும் புகாருக்குத் தனி எடை உண்டு.

புகாரைத் தேதி வாரியாக எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். சம்பவம் கோவையில் நடந்தது என்று திண்டுக்கல்லில் திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்பதை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

செல்போனில் அனுப்பிய 50,000 ரூபாயைப் பற்றி ஒன்று. அது கடையின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகவில்லை, யாரோ ஒரு பெண்மணியின் பெயருக்குப் போயிருக்கிறது. அந்தப் பரிவர்த்தனை எண் உள்ள வங்கி அறிக்கையை முத்திரையோடு வாங்கிப் புகாரில் சேருங்கள். 1930 என்ற எண்ணை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். இணைய வழி மோசடிக்கான அவசர எண் அது. காரை நேரில் பார்க்காமலே, 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பியவர்கள் அதே மணி நேரத்தில் அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. இரண்டு மாதம் கழித்து அதை நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது வழி நுகர்வோர் ஆணையம். காசோலை வழக்கும் காவல் புகாரும் இருக்கும்போதே இதையும் நடத்தலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே பேசலாம். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் செய்யலாம். 30,000 ரூபாய்க்கு ரசீது தர மறுத்தாரே, பில்லோ ரசீதோ தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டம். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். எதிலிருந்து தொடங்குவது என்ற குழப்பம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள்.

செலவைப் பற்றிய உங்கள் கணவரின் கவலை நியாயமானது. அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதார் நகலோடு போய் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். காசோலைதான் உங்கள் பெயரில் இருக்கிறதே, மனுவையும் உங்கள் பெயரிலேயே போடுங்கள்.

உங்களை ஏமாற்றுவது போல நானும் ஆறுதல் சொல்லக் கூடாது. அந்த ஆள் பெயரில் சொத்தோ வருமானமோ இல்லை என்றால், தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் முழுப் பணமும் கைக்கு வர நாளாகும். ஆனால் வழக்குப் பதிவானதும் சமரசத்துக்கு வருவது இவர்களின் வழக்கம். அப்படி வந்தால் இன்னொரு காசோலையை வாங்காதீர்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து.

மாமியாருக்காக எப்படியும் ஒரு கார் வாங்கத்தான் போகிறீர்கள். அடுத்த முறை கடையைப் பார்க்காதீர்கள், வண்டியின் காகிதத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகனம் விற்கும் கடைகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். வண்டியைக் கடையில் ஒப்படைக்கும் சொந்தக்காரர் படிவம் 29சி மூலம் அதைத் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகு கடைக்காரரே அந்த வண்டிக்கு உரிமையாளராகக் கருதப்படுவார். இரண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 'அதெல்லாம் இங்கே யாரும் கேட்பதில்லை' என்ற பதில் வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காமல் கிளம்புங்கள். ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு வாங்கி அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும், பெயரும் முகவரியும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். கடையின் பெயருக்கு அல்லாமல் வேறு பெயருக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அட்வான்ஸ் என்பது வண்டியை நான்கு நாள் வேறு யாருக்கும் தராமல் வைத்திருக்க. அதற்கு 5,000 போதும், மிஞ்சினால் 10,000. மீதியைச் சொந்தக்காரர், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் உங்கள் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யும் சாவியும் உங்கள் கைக்கு வரும்போது கொடுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் கடை வழியாக அடைக்க வேண்டாம். வங்கியின் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டி, என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் வாங்குங்கள். ரசீதில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'இந்தப் பதிவு எண்ணும் இந்த சேசிஸ் எண்ணும் உள்ள காரை இந்த விலைக்கு விற்க ஒப்புக்கொண்டு, முன்பணமாக இவ்வளவு ரூபாய் பெற்றேன். இந்தத் தேதிக்குள் ஆவணங்களோடு ஒப்படைக்காவிட்டால் ஏழு நாளில் முழுத் தொகையையும் திருப்பித் தருவேன்.' நாணயமான வியாபாரி இதை எழுதத் தயங்க மாட்டார். அப்படிப்பட்ட கன்சல்டிங்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இந்த மோசடியால் அவர்கள் பிழைப்பும்தான் கெடுகிறது.

கடைசியாக, உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அந்த 30,000 ரூபாயை 500 ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்தவர் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ரசீது இல்லாத அந்தத் தொகைக்குக் காசோலையை விட்டால் இருக்கும் சாட்சி அவர் ஒருவரே. புகார் கொடுக்கப் போகும் அன்று ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு உங்களோடு அவரும் வரட்டும்.