பழைய பிரீமியர் பத்மினி காரைத் தினமும் வேலைக்கு ஓட்டிப் போக முடியுமா?

முடியும். ஆனால் எப்போது நிற்கும் என்று தெரியாமலே ஓட்டுவதுதான் ஆளைச் சோர்வடைய வைக்கும்.

முதல் தொல்லை சூடு. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருப்பதால், மே மாத வெயிலில் சிக்னல் சிக்னலாக நின்று போகும்போது பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்புக்கு இழுக்க ஒன்றும் இருக்காது, வண்டி அணைந்துவிடும். பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவது இதற்காகத்தான். போதாததற்கு இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. அது பழைய ரப்பர் குழாயையும் பம்புக்குள் இருக்கும் சவ்வையும் (டயாபிரம்) கெடுத்துவிடும், கசிந்து சூடான எஞ்சின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து, அதனால் எத்தனால் தாங்கும் குழாய்களாக உடனே மாற்றிவிடுங்கள், இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் பிரேக். நான்கு சக்கரத்திலும் பழைய வகை டிரம் பிரேக்தான். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் பிடிப்பு குறையும். முன்னால் போகிற புதுக் கார் சட்டென்று நிற்பதுபோல் இது நிற்காது, இடைவெளி விட்டே ஓட்டுங்கள்.

மும்பையில் டாக்ஸியாக ஓடிய காலத்தில் உதிரி பாகங்களுக்குச் சந்தை இருந்தது, 2023 அக்டோபரோடு அந்த டாக்ஸி ஓட்டமும் முடிந்தது. சென்னை என்றால் புதுப்பேட்டையில் தேடலாம், ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டரைத் தெரிந்து டியூன் செய்கிற மெக்கானிக் கிடைப்பதுதான் அதைவிடக் கஷ்டம். அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் தினசரிக்கு வேறொரு வண்டி வைத்துக்கொண்டு, இந்த அருமையான காரை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுங்கள்.