மஞ்சள் மண் கைமாறிய கதை: வக்கீல் கேட்ரன் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வக்கீலாகவும் அரசியல்வாதியாகவும் பெரிய மாட்டுப் பண்ணை முதலாளியாகவும் இருந்தவர் தாமஸ் பென்டன் கேட்ரன் (1840–1921). அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அவர் அந்த ஊர்க்காரர்தானா?

இல்லை, மிசூரி மாநிலத்துக்காரர். உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் இருந்தார். தோற்ற பக்கத்து ஆள் என்பதால் சொந்த ஊரில் அரசியலுக்கு வழியில்லை. கல்லூரித் தோழர் ஸ்டீபன் எல்கின்ஸ் முன்பே நியூ மெக்சிகோ போயிருந்தார். 1866இல் கேட்ரனும் போய்ச் சேர்ந்தார். ஸ்பானிய மொழி கற்றார், குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1869இல் பிரதேசத்தின் (நியூ மெக்சிகோ அப்போது மாநிலமாகவில்லை) அட்டர்னி ஜெனரல், 1872இல் மத்திய அரசின் வழக்கறிஞர் என்று மளமளவென்று உயர்ந்தார்.

கேள்வி: முப்பதுக்கும் மேற்பட்ட நில மானியங்களில் அவருக்குப் பங்கு இருந்ததாமே. அத்தனையும் காசு கொடுத்து வாங்கியதா?

கொஞ்சம் வாங்கியது, நிறைய ஃபீஸாக வந்தது. ஸ்பெயின் அரசும் பிறகு மெக்சிகோ அரசும் குடியேறிகளுக்கு மானியமாக நிலம் கொடுத்திருந்தன. வீட்டு மனையும் நஞ்சையும் அவரவருக்கு. மேய்ச்சல் நிலம், காடு, தண்ணீர் எல்லாம் ஊருக்குப் பொது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க–மெக்சிகோ போரை முடித்த 1848 ஒப்பந்தத்தில் அந்த மண் அமெரிக்காவிடம் போனது. சொத்துரிமை மதிக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னாலும், பழைய மானியத்தை வாஷிங்டன் ஏற்க வேண்டுமென்றால் மனு, சாட்சி, நில அளவை, வக்கீல் எல்லாம் வேண்டும். ஊர்க்காரர்களிடம் ஆடு இருந்தது, ரொக்கம் இல்லை. வக்கீல் கூலியாக நிலத்திலேயே ஒரு பங்கை எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் 1876இல் பாகப்பிரிவினைச் சட்டம் வந்தது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரர் மட்டும் வழக்குப் போட்டாலே போதும், பிரிக்க முடியாத நிலத்தை நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். ஃபீஸாகக் கிடைத்த சின்னப் பங்கு முழு மானியத்துக்கும் சாவியானது இப்படித்தான். துப்பாக்கியே தேவைப்படவில்லை. என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

கேள்வி: டியெரா அமரில்யா மானியம் பற்றி விவரமாகச் சொல்லுங்கள்.

'மஞ்சள் மண்' என்று பொருள்படும் ஊர். 1832இல் மெக்சிகோ அரசு மானுவேல் மார்த்தினேஸ், அவருடைய எட்டு மகன்கள், உடன் குடியேறுவோர் ஆகியோருக்குக் கொடுத்தது. மேய்ச்சலும் காடும் தண்ணீரும் பொது என்றே பத்திரம் சொன்னது. ஆனால் 1860இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஒரு குடும்பத்தின் தனிச் சொத்தாக உறுதி செய்துவிட்டது. பொது என்ற சொல் போனதும் ஊரின் பாத்தியதையும் போனது.

வாரிசுகளின் பங்குகளைக் கேட்ரன் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். 1881இல் 5,94,515 ஏக்கருக்குப் பட்டா வந்தது. 1883இல் தன் உரிமையில் வில்லங்கம் இல்லை என்று தீர்ப்பு வாங்கினார். அதே சமயத்தில் பக்கத்துச் சாமா ஊருக்கு ரயிலும் வந்திருந்ததால் காட்டு மரத்துக்கு விலை கூடியது. தலைமுறையாக அங்கே ஆடு மேய்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். மலை இடம் மாறவில்லை, அதற்கு வேறு ஓர் உடைமையாளர் வந்துவிட்டார்.

கேள்வி: பில்லி த கிட் கதையில் இவர் பெயர் வருகிறதே?

வருகிறது. பில்லி அந்தக் காலத்துப் பேர்போன துப்பாக்கிக்காரன். நியூ மெக்சிகோவின் லிங்கன் கவுண்டியில் 1878இல் வியாபாரப் போட்டியால் மூண்ட சண்டையில் மர்ஃபி–டோலன் கடைக்காரர்கள் ஒரு பக்கம். அவர்கள் சொத்தை அடமானமாகப் பிடித்திருந்தவர் கேட்ரன். அதே நேரம் மத்திய அரசு வழக்கறிஞரும் அவரே. எதிர்ப்பக்கத்து வியாபாரி ஜான் டன்ஸ்டல், பில்லிக்கு வேலை கொடுத்தவர், பிப்ரவரியில் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் கேட்ரனின் கை இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் கடன் கொடுத்தவரே அரசு வக்கீலாகவும் இருந்தது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். வாஷிங்டன் விசாரணைக்கு ஆள் அனுப்பியது, அந்த வருடமே அவர் பதவி விலகினார்.

கேள்வி: அதோடு அரசியல் முடிந்ததா?

எங்கே முடிந்தது! பிரதேசச் சட்டமன்றத்தில் பல முறை, 1895–97இல் நாடாளுமன்றத்தில் வாக்குரிமையற்ற பிரதிநிதி, பிறகு சான்டா ஃபே மேயர். நியூ மெக்சிகோ மாநிலமாக வேண்டும் என்று பல வருடம் உழைத்தார். அதில் அவருக்குப் பங்கு உண்டு, மறுக்கக் கூடாது. 1912இல் மாநிலமானதும் முதல் இரு செனட்டர்களில் ஒருவரானார். பெண்கள் வாக்குரிமையைக் கடைசிவரை எதிர்த்தவரும் இவரே.

கேள்வி: பெரும் பணக்காரராக வாழ்ந்திருப்பாரே?

நிலம் மலையளவு, கையில் ரொக்கம் எப்போதும் தட்டுப்பாடு. வரி, வட்டி, வழக்குச் செலவு என்று கடனிலேயே காலம் போனது. டியெரா அமரில்யாவையும் 1909இல் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

கேள்வி: ஊர்க்காரர்கள் சும்மாவா இருந்தார்கள்?

இல்லை. 1889–90இல் லாஸ் வேகாஸ் மானியப் பகுதியில் (நெவாடாவின் சூதாட்ட நகரம் அல்ல, நியூ மெக்சிகோ ஊர்) வெள்ளை முகமூடி போட்ட ஆட்கள் இரவோடு இரவாக முள்வேலிகளை வெட்டினார்கள். டியெரா அமரில்யாவில் கோபம் இன்னும் நீண்டது. 1967 ஜூன் 5 அன்று ரேயெஸ் லோபெஸ் டிஹெரினாவின் இயக்கத்தினர் ஆயுதத்தோடு அந்த ஊர் நீதிமன்றத்துக்குள் புகுந்தார்கள். கேட்ரன் இறந்து 46 வருடம் ஆகியிருந்தது. அவர்கள் திருப்பிக் கேட்டது 1832 பத்திரத்தில் எழுதியிருந்த அதே பொது நிலத்தை.