கிளாக் 19ஐ தினமும் மறைத்து வைத்துக்கொள்ள எந்த ஹோல்ஸ்டர் வசதியாக இருக்கும்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: ஹூஸ்டனில் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு வந்து டெக்சஸின் துப்பாக்கி லைசன்ஸும் எடுத்தாகிவிட்டது, கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறீர்கள், கொஞ்சம் தொப்பை உண்டு, அலுவலகம் தவிர மற்ற நேரமெல்லாம் டி-ஷர்ட், கடையில் கிடைத்த நைலான் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, இடுப்பைக் குத்துகிறது, வேறு எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். நானும் ஹூஸ்டன் பக்கம்தான், பல வருடமாக அதே கிளாக் 19ஐ இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறேன், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த நைலான் ஹோல்ஸ்டரை இன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். குத்துவது அதன் சின்னக் குறைதான். பத்து மாடல் துப்பாக்கிக்கும் பொதுவாகப் பொருந்தட்டும் என்று தைத்த உறையில் ட்ரிக்கரைச் சுற்றி உறுதியான சுவர் இருக்காது, வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலே ட்ரிக்கர் நகரும். கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளிவிடும் சேஃப்டி கிடையாது. ட்ரிக்கருக்கு நடுவில் இருக்கும் சின்ன நாக்கும் உள்ளே இருக்கும் தடுப்புகளும்தான் காவல், ட்ரிக்கர் முழுவதும் இழுபட்டால் அவை எல்லாமே விலகிவிடும், எது இழுத்தது என்று துப்பாக்கிக்குத் தெரியாது. ஆகவே உங்கள் இடுப்பில் இருக்கும்போது ஹோல்ஸ்டர்தான் சேஃப்டி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விஷயம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதான, சட்டப்படி தடை இல்லாத யாரும் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனதும் எச்1பி, எஃப்1 விசாவில் இருக்கும் சில நம்மவர்கள் அது தங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். பொருந்தாது. விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது, வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு, மாநிலம் என்ன சொன்னாலும் அது மாறாது. குடியேற்ற வழக்கு வரை போய்விடும், வக்கீலிடம் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, வசதிக்கு வருவோம். வசதியைப் பற்றிக் கேட்டாலே சில பழைய கைகள் "துப்பாக்கி ஆறுதலாக இருந்தால் போதும், சுகமாக இருக்க வேண்டியதில்லை" என்று அடக்கிவிடுவார்கள், அதில் எனக்குச் சம்மதம் இல்லை. குத்துகிற ஹோல்ஸ்டரை யாரும் நாள் முழுக்கப் பொறுத்துக்கொள்வதில்லை. காரில் ஏறியதும் கழற்றி சீட்டுக்கு நடுவில் வைப்பார்கள், அப்புறம் டேஷ்போர்டு அறைக்குள் போகும், ராத்திரி அங்கேயே இருந்துவிடும், காரின் கண்ணாடியை உடைக்கிற திருடன் அதை எடுத்துப் போவான். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் மாட்டும்போதும் தோட்டா ஏறிய துப்பாக்கியைக் கை தொடுகிறது, கை படாத துப்பாக்கி தானாக வெடிப்பது மிக அபூர்வம். காலையில் ஒருமுறை மாட்டி இரவில் ஒருமுறை கழற்றும்படி இருக்கிற ஹோல்ஸ்டர்தான் நல்ல ஹோல்ஸ்டர், வசதியை நான் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

பொருள் என்று பார்த்தால் முதல் ஹோல்ஸ்டருக்கு கைடெக்ஸ் வாங்குங்கள். அது சூடாக்கி அச்சில் வார்க்கும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு, துப்பாக்கியின் வடிவத்துக்கே வார்த்திருப்பதால் ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிக்கர் கார்டில் "டக்" என்று பிடித்துக்கொள்ளும், வேர்வையை உறிஞ்சாது. தோல் உடம்புக்கு இதமானது, அதை மறுக்க மாட்டேன், ஆனால் ஹூஸ்டன் வேர்வையில் வருடக்கணக்கில் ஊறிய தோல் தளர்ந்து வாய்ப்பக்கம் மடியும், அந்த மடிப்பு ட்ரிக்கர் கார்டுக்குள் போய் துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது ட்ரிக்கரை அழுத்தி வெடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. தோல்தான் வேண்டும் என்றால் வாயில் விறைப்பான பட்டை வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்கி, தளர்ந்ததும் மனசு பார்க்காமல் தூக்கிப் போட வேண்டும். பின்பக்கம் தோலும் முன்பக்கம் கைடெக்ஸும் வைத்த கலப்பு வகையும் உண்டு, அகலமாக இருக்கும், சிலருக்கு ஒத்துவரும், அதன் பின்பக்கத் தோலும் அதே மாதிரி தளரும்.

உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். துப்பாக்கியில் டார்ச் விளக்கு மாட்டியிருந்தால் அந்த விளக்குக்கும் சேர்த்துச் செய்ததாக இருக்க வேண்டும், சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ரெட் டாட் போட்டிருந்தால் ஹோல்ஸ்டரின் மேல்பக்கம் அதற்கான வெட்டு இருக்க வேண்டும். வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுச் சோதியுங்கள். உள்ளே வைத்த பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும் ட்ரிக்கரைத் தொட முடியக் கூடாது. கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து ஆட்டினால் விழக் கூடாது. உருவும்போது துப்பாக்கி மட்டும் வர வேண்டும், மலிவான கிளிப் என்றால் ஹோல்ஸ்டரும் சேர்ந்து பெல்ட்டிலிருந்து கிளம்பி வந்துவிடும். துப்பாக்கி வெளியே இருக்கும்போது பெல்ட் இறுக்கினாலும் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்க வேண்டும், திருப்பி வைக்க இன்னொரு கை தேவைப்படவே கூடாது. இதில் ஒன்றில் தேறாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி எங்கே வைப்பது என்பது, உங்கள் கேள்வியின் உண்மையான சிக்கல் இதில்தான். பேன்ட்டுக்கு உள்ளே வைப்பதில் இரண்டு இடம் நடைமுறைக்கு வரும்: தொப்புளுக்கு வலப்பக்கம் முன்னால், அல்லது வலது இடுப்பெலும்பைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால். கடிகார முள் கணக்கில் சொன்னால் ஒரு மணி, நாலு மணி. முன்னால் வைப்பது நன்றாக மறையும், உங்கள் கண் முன்னாலேயே இருக்கும், கூட்டத்தில் பின்னாலிருந்து யாரும் தொட முடியாது, கார் சீட்டில் உட்கார்ந்தபடியே எட்டலாம். தொப்பை உள்ளவர்கள் இது நமக்கு ஆகாது என்று முதலிலேயே விட்டுவிடுகிறார்கள், அவசரப்பட வேண்டாம். தொப்பை பிடியின் மேல்பகுதியை வெளியே தள்ளுகிறது, துப்பாக்கியின் கீழ்முனை தொடை மடிப்பில் குத்துகிறது, பிரச்சினை அவ்வளவுதான். அதற்கு இரண்டு எளிய தீர்வு வந்துவிட்டது. கீழ்முனைப் பக்கம் உடம்பைத் தொடும் இடத்தில் ஒட்டும் நுரை ஆப்பு ஒன்று: அது கீழே முட்டுக் கொடுத்ததும் மேல்பக்கம் உடம்பை நோக்கிச் சாய்ந்துவிடும், குத்தும் இடமும் மெத்தென்று ஆகிவிடும். இன்னொன்று ட்ரிக்கர் கார்டு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளா என்கிற சின்னக் கொக்கி, பெல்ட் அதை அழுத்தும்போது பிடி வயிற்றோடு ஒட்டித் திரும்பும். பாரல், அதாவது குழாய், நீளமாக இருந்தால்தான் துருத்தும் என்று நினைக்கிறார்கள், அது பேன்ட்டுக்குள் போய்விடுகிறது, சட்டையில் தெரிவது எப்போதும் பிடிதான். அதனால் குட்டித் துப்பாக்கியானாலும் ஹோல்ஸ்டரை மட்டும் கொஞ்சம் நீளமாக எடுத்தால் மேலே கவிழாமல் நிலையாக நிற்கும்.

முன்னால் வைப்பதற்கு ஒரு விலை உண்டு. குழாய் உங்கள் தொடையையும் இடுப்புக்குக் கீழ் உள்ள எல்லாவற்றையும் பார்த்தபடி இருக்கிறது, தொடையின் பெரிய ரத்தக்குழாயில் பட்டால் சில நிமிடம்தான். திருப்பி வைக்கும் அந்த ஒரு நொடியில்தான் ஆபத்து முழுவதும், ஆகவே சட்டையை நன்றாக மேலே தூக்கி, இடுப்பை முன்னுக்குத் தள்ளி, விரலைத் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு மேல் நீட்டி, கண்ணால் பார்த்தபடி மெதுவாக உள்ளே விடுங்கள். தடுக்கிறது என்றால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். ஜாக்கெட்டின் கயிற்று நுனியில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் குண்டு கூட ட்ரிக்கர் கார்டுக்குள் போய்விடும். காலையில் நான் துப்பாக்கியை முதலில் ஹோல்ஸ்டருக்குள் வைத்து, பிறகு ஹோல்ஸ்டரோடு சேர்த்துப் பேன்ட்டுக்குள் மாட்டுகிறேன், கிளிப் வகையில் இது சுலபம், குழாய் உடம்பைப் பார்க்காத நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடும்.

நாலு மணி இடம் பழசு, நிற்கும்போது மிகவும் சுகம், பிடியைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து வைத்தால் சட்டையில் தெரிவது குறையும். ஆனால் குனிந்தால் பிடி கூடாரம் போட்டது மாதிரி சட்டையைத் தூக்கும், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு எட்டுவது கஷ்டம். முதுகுத்தண்டுக்கு நேரே ஆறு மணியில் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள், வழுக்கி விழுந்தால் இரும்பின் மேல் முதுகெலும்பு விழும். கணுக்கால் ஹோல்ஸ்டர், தோள் ஹோல்ஸ்டர் எல்லாம் உங்கள் வாழ்க்கைக்குத் தேவைப்படாது. பாக்கெட் ஹோல்ஸ்டர் ரூகர் எல்சிபி மாதிரிச் சின்னதுக்கு நல்லது, அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது. ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தி உருவும் வெளிப்புற ஹோல்ஸ்டர் ஒரு வகை கடைகளில் தொங்கும், அழுத்திய அதே விரல் உருவியதும் ட்ரிக்கருக்குப் போகிறது என்பதால் பல பயிற்சி மையங்களில் அதை உள்ளேயே விடுவதில்லை.

ஹோல்ஸ்டருக்குச் செலவழிக்கும் அதே அக்கறையோடு பெல்ட்டும் வாங்குங்கள். தோட்டாக்கள் நிறைந்த கிளாக் 19 ஏறத்தாழ 850 கிராம், சாதாரண அலுவலகப் பெல்ட் அதைத் தாங்காமல் முறுக்கிக்கொள்ளும், துப்பாக்கி வெளியே சாயும், நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள், இறுக்கியதும் குத்தும். குத்துகிறது என்று வருகிற புகாரில் பாதி பெல்ட்டால் வருவது என்பேன். ஒன்றரை அங்குல அகலம், உள்ளே விறைப்புப் பட்டை, துளை இல்லாமல் பற்களில் நகரும் ராட்செட் வகை எடுத்தால் உட்காரும்போது ஒரு பல் தளர்த்தி எழும்போது இறுக்கலாம், நம்மைப் போல நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பேன்ட் இடுப்பளவு ஒன்றிரண்டு அங்குலம் கூட்டி வாங்குங்கள். வெயிலுக்கு உள்ளே ஒரு பனியன், ஹோல்ஸ்டரில் ஸ்லைடுக்கும் தோலுக்கும் நடுவே உயர்ந்த தடுப்பு, மேலே கொஞ்சம் நீளமான, அடர் நிற அல்லது கட்டம் போட்ட சட்டை. மெல்லிய வெள்ளை டி-ஷர்ட் எதையும் மறைக்காது. சட்டையை உள்ளே விட வேண்டிய நாளுக்கு, கிளிப்புக்கும் ஹோல்ஸ்டருக்கும் நடுவே துணியைச் செருக இடம் விட்டுச் செய்தவை இருக்கின்றன. வாரம் ஒருமுறை துப்பாக்கியைத் துடைத்து லேசாக எண்ணெய் காட்டுங்கள், வேர்வை உப்பு திருகுகளைத்தான் முதலில் பிடிக்கும்.

அலுவலகம் துப்பாக்கியை அனுமதிக்காவிட்டால், 2011 முதல் டெக்சஸ் சட்டப்படி பெரும்பாலான வேலையிடங்களில் உங்கள் காரில் பூட்டி வைத்துக்கொள்ளலாம். சீட்டுக்கு அடியில் எஃகுக் கம்பியால் கட்டிய சின்னப் பெட்டி ஒன்று போட்டு, ஹோல்ஸ்டரோடு அப்படியே கழற்றி உள்ளே வையுங்கள், துப்பாக்கியை மட்டும் உருவி வைக்காதீர்கள். இதற்காகவே ஒரு கையால் கழற்ற முடிகிற கிளிப் வேண்டும். வாசலில் 30.06 என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தால் லைசன்ஸ் இருந்தாலும் மறைத்தும் கொண்டு போகக் கூடாது, மது அருந்தும் பாரில் சிவப்பு 51 போட்ட பலகைக்கும் அதே, தபால் அலுவலகம் மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது. கோவிலுக்கு 2019 முதல் மாநிலத்தின் பொதுத் தடை இல்லை, பலகை இருந்தால் தடை. வேட்டி கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போகிற அன்று நான் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன், பெல்ட் இல்லாத உடையில் நம்பி வைக்க முடியாது, எனக்கு அங்கே அது வேண்டியதும் இல்லை.

பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியை உருவி எங்கேயும் வைக்காதீர்கள், கொக்கியில் மாட்டாதீர்கள். ஹோல்ஸ்டரோடு பேன்ட்டிலேயே இருக்கட்டும், பெல்ட்டை மறுபடி மாட்டி முழங்கால் உயரத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டால் போதும். நல்ல பிடிப்புள்ள ஹோல்ஸ்டரின் அருமை அங்கே தெரியும்.

உங்கள் மனைவியும் லைசன்ஸ் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், கைப்பை ஹோல்ஸ்டர் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடனில் ஒரு கடையில், துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் வைத்த கைப்பையைத் திறந்து இரண்டு வயதுக் குழந்தை தன் அம்மாவையே சுட்டுவிட்டது, அவர் அங்கேயே இறந்தார். பை உடம்பை விட்டுப் பிரியும், குழந்தைகள் பையைத் திறக்கும். சல்வார், லெக்கிங்ஸ் போடுபவர்களுக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை இருக்கிறது, ட்ரிக்கரை மூடும் கைடெக்ஸ் ஓடு உள்ளே பதித்த வகையாக மட்டும் வாங்க வேண்டும், வெறும் எலாஸ்டிக் பை உங்கள் நைலானை விட மோசம். வீட்டில் பூட்டுப் பெட்டியும் இப்போதே வாங்கிவிடுங்கள், டெக்சஸில் 17 வயதுக்குட்பட்டவர் கையில் தோட்டா உள்ள துப்பாக்கி எட்டும்படி விட்டால் பெற்றவர்மேல் வழக்கு வரும்.

உங்களுக்கு நான் சொல்வது: கிளாக் 19க்கென்று வார்த்த கைடெக்ஸ், ஒரு மணி இடத்துக்கானது, கிளாவும் ஆப்பும் உள்ளது, கூடவே நல்ல பெல்ட். ஹோல்ஸ்டருக்கு 60 முதல் 120 டாலர் வரை ஆகும். துப்பாக்கி காலியாக இருக்கும்போது இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுங்கள், காரில் ஏறி இறங்குங்கள், ஷூ லேஸ் கட்டுங்கள். குத்தினால் முதலில் இடத்தை அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்த்துங்கள், பிறகு கிளிப் திருகை மாற்றி உயரத்தை ஒரு துளை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள், கடைசியாகத்தான் ஆப்பின் தடிமனை மாற்ற வேண்டும், மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. அதற்கு அப்புறமும் தொடை மடிப்பில் வலி இருந்தால் நாலு மணிக்குப் போய்விடுங்கள், அதற்கு ஆப்பும் கிளாவும் தேவையில்லை, சாய்வு மாற்ற முடிகிற ஹோல்ஸ்டரா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.