400 யூரோவில் ஸ்டீரியோ: ஷ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, ஒற்றை அறை வீடு, கையில் 400 யூரோ, பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சென்னையில் இருக்கும் ஹோம் தியேட்டரை அடுத்த முறை கொண்டுவரலாமா, இங்கேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கலாமா, வாங்கினால் எத்தனை வாட்ஸ் என்பது உங்கள் கேள்வி.

கொண்டுவர வேண்டாம். மின்சாரத்தால் தொல்லை இல்லை, இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மாற்றினால் ஓடும். (அமெரிக்காவில் இருக்கும் நண்பர் பழைய ஆம்ப் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது 120 வோல்ட்.) சிக்கல் அதோடு வரும் சப்வூஃபரில், அதாவது அடித்தொனி எழுப்பும் பெட்டியில் இருக்கிறது. இங்கே பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறும் விடுமுறையும் நாள் முழுக்க அப்படித்தான். மற்ற நேரத்திலும் உங்கள் சத்தம் உங்கள் அறையோடு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பாடுகிறவர் குரலைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். பேஸ் என்கிற அந்த அடித்தொனி அப்படி நிற்காது, தரை வழியாக இறங்கிக் கீழ்வீட்டுக்காரர் கட்டில்வரை போய்விடும். அதனால் நீங்கள் தேட வேண்டியது, மெதுவாக வைத்தாலும் தெளிவாகக் கேட்கிற சின்ன ஸ்பீக்கர் ஜோடி ஒன்று. ஆறடி அலமாரி மாதிரி நிற்கிற டவர் ஸ்பீக்கர் எவ்வளவு மலிவாக வந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ் பற்றிக் கவலையே வேண்டாம். 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று ஊதிப் பெருக்கிய கணக்கைப் பெட்டி மேல் அச்சடித்து விற்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அந்தப் பழக்கம் லேசில் போகாது. ஸ்பீக்கரின் விவரக்குறிப்பில் 87 டெசிபெல் என்பதுபோல ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். அந்தச் சத்தத்திலேயே பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டிவரும். ஆக, உங்கள் அறையில் பெரும்பாலான நேரம் 1 வாட்டுக்கு மேல் செலவாகாது. அந்த எண் 3 கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். நேர்மையான 30, 40 வாட்ஸ் ஆம்ப் உங்களுக்குத் தாராளம்.

காசைப் பிரிக்கும் விதம்: ஸ்பீக்கருக்கு 250, ஆம்ப்புக்கு 100, மிச்சம் வயருக்கும் ப்ளூடூத் ரிசீவருக்கும். பழுதில்லாத இரண்டு ஆம்ப்புக்கு நடுவே காதுக்குத் தெரிகிற வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே அது மலைக்கும் மடுவுக்கும். ஆம்ப்பைப் பழையதாக வாங்குங்கள். பழைய சாமான் விற்கிற கிளைன்அன்சைகன் இணையதளத்தில் யமஹா, டெனான், ஓன்கியோ என்று தேடினால் பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கும். விலைக்குப் பக்கத்தில் 'ஃபௌபே' என்று போட்டிருந்தால் பேரம் பேசலாம். 'பாஸ்ட்லர்' என்று எழுதியிருந்தால் பழுதான சாமான், தாண்டிப் போய்விடுங்கள். நேரில் போய்ப் பார்த்து, கையில் காசு கொடுத்து வாங்குங்கள். பணம் செலுத்த என்று சொல்லி யாராவது லிங்க் அனுப்பினால் தொடவே தொடாதீர்கள்.

போன இடத்தில் கூச்சப்படாமல் சோதியுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆம்ப்பை ஆன் செய்ததும் சில நொடியில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், பெரும்பாலான மாடல்களில் ஸ்பீக்கரை இணைக்கிற ரிலே அது. வால்யூம் குமிழை மெல்லத் திருப்புங்கள். கரகரத்தால் பெரும்பாலும் தூசுதான், கான்டாக்ட் ஸ்ப்ரேயில் போய்விடும், ஆனால் விலையைக் குறைக்க நல்ல சாக்கு. ஒரு பக்கத்துச் சத்தம் அடிக்கடி காணாமல் போய்த் திரும்பி வந்தால் விட்டுவிடுங்கள். பழைய ஸ்பீக்கராக இருந்தால் முன்வலையைக் கழற்றச் சொல்லி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் பல காலம் இருக்கும். ஃபோம் என்றால் வயதாகி, விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு உதிரும். பிறகு கூம்பை இரு பக்கமும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசுகிற சத்தம் கேட்டால் வேண்டாம். கடைசியாக உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவைப் போடச் சொல்லுங்கள். மிருதங்கத்தின் தொப்பி 'கும்' என்று வந்து சட்டென்று அடங்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் வீட்டுக்கு எடுத்து வந்த பிறகும் இழுக்கும்.

ஜெர்மன் ஸ்பீக்கர் பலவும் 4 ஓம் (மின்தடை அளவு, அது குறையக் குறைய ஆம்ப்புக்குச் சுமை கூடும்). ஆம்ப்பின் பின்பக்கம், வயர் சொருகும் இடத்துக்கு மேலே, எத்தனை ஓம் முதல் தாங்கும் என்று எழுதியிருக்கும். 4-இல் தொடங்கினால் சரி. 8 என்றிருந்தால் அதற்குக் குறைவானதை மாட்டிச் சூடேற்றாதீர்கள்.

ஸ்பீக்கரைப் புதிதாகவே வாங்குவதானால் டாலி ஸ்பெக்டர் 2, அல்லது வார்ஃப்டேல் டைமண்ட் வரிசையில் சின்னது, தள்ளுபடியில் உங்கள் கணக்குக்குள் வரும். ஆன்லைன் கடையில் வாங்குங்கள். 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாம் என்பது சட்டம், அதனால் உங்கள் அறையிலேயே கேட்டு முடிவு செய்யலாம். தனி ஆளிடம் பழையது வாங்கும்போது இந்த உரிமை கிடையாது. ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி ஷ்வேபிஷ் க்முண்டுக்கும் போய் வாருங்கள், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்பீக்கர் செய்கிற நூபெர்ட் கம்பெனியின் ஊர் அது. புதியது உங்கள் பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் எட்டாது, ஆனாலும் நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்கும் என்று காது ஒருமுறை தெரிந்துகொள்ளும். அப்புறம் அவர்களுடைய நூபாக்ஸ் ஸ்பீக்கர் பழசாக வருகிறதா என்று கண் வைத்திருங்கள்.

ஓராண்டில் வேறு ஊருக்கு மாறிவிடுவீர்கள் என்றால் இவ்வளவும் வேண்டாம். ஆம்ப் உள்ளேயே இருக்கும் எடிஃபையர் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று போதும்.

இன்னொன்று. மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் வந்திருக்குமே, ரேடியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று கட்டித்தான் ஆக வேண்டும். எப்படியும் கட்டுகிறோம், வெறும் ஆம்ப்புக்குப் பதிலாக, ரேடியோ ட்யூனரும் சேர்ந்த பழைய ரிசீவராகவே வாங்கிவிடுங்கள். அந்தக் கட்டணத்தில் நடக்கும் இந்தப் பகுதி வானொலியான எஸ்.டபிள்யூ.ஆர். நிலையத்தில் இசை நிகழ்ச்சிகள் நன்றாகவே வரும்.

வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் காது உயரத்துக்கு ஏற்றி, அடியில் ரப்பர் பாதம் கொடுங்கள். மூலையில் தள்ளினால் பேஸ் குழம்பும். சின்ன அறையில் வேறு வழியில்லை என்றால், பெட்டியில் காற்று வரும் துளைக்குள் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி வையுங்கள், பேஸ் கொஞ்சம் அடங்கும்.