விற்காத கன்சோலை மீட்பது எப்படி? கிருஷ்ணகிரியிலிருந்து கேள்வி பதில்

விற்காமல் போன கன்சோல்களை, அதாவது வீடியோ கேம் மெஷின்களைப் பற்றி இந்த வாரம் கேட்கலாம் என்று குழுவில் சொல்லியிருந்தேன். கிருஷ்ணகிரியில் கன்சோல் பழுது பார்ப்பவன் நான். தோற்றுப்போன மெஷின்கள் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

ஓசூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, விற்கவில்லை என்றால் விலையைக் குறைத்தால் போதாதா?

விலை மட்டுமே பிரச்சினையாக இருந்தால் போதும், தம்பி. 2011இல் நிண்டெண்டோ கம்பெனியின் 3டிஎஸ் என்ற கையடக்க கன்சோல் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது. எதிர்பார்த்த விற்பனை இல்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 170 டாலருக்கு இறக்கினார்கள். வருஷக் கடைசியில் சூப்பர் மேரியோ 3டி லேண்ட், மேரியோ கார்ட் 7 என்ற இரண்டு கேம்கள் வந்து சேர்ந்தன. மெஷின் எழுந்து நின்றது, மொத்தம் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. அதே கம்பெனி 2013இல் டிவியில் மாட்டி ஆடும் வீ யூ கன்சோலுக்கு 50 டாலர் குறைத்தது. அது எழவே இல்லை. அதற்கு முந்தைய கன்சோலான வீ பத்துக் கோடியைத் தாண்டியது, வீ யூ ஆயுள் முழுக்க 1.35 கோடிதான்.

3டிஎஸ் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. முழு விலை கொடுத்து முன்னாலேயே வாங்கியவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முதல் நாளே வாங்குகிறவன்தான் நாலு பேரிடம் சொல்லி நமக்காக விற்றுக்கொடுக்கிறவன். ஏமாந்துவிட்டோம் என்று அவன் நினைத்துவிட்டால், அடுத்த மெஷினுக்கு அவனும் வர மாட்டான், அவன் கூட்டாளிகளும் வர மாட்டார்கள்.

பாலக்கோடு கல்லூரி மாணவி: வீ யூவுக்கு அப்படி என்னதான் ஆனது அண்ணா?

முதல் தப்பு பெயரிலேயே இருந்தது, பாப்பா. பழைய வீக்குப் புதிதாகத் திரை வைத்த ஒரு பேட் (கையில் பிடித்து ஆடும் கருவி) வந்திருக்கிறது என்றே பலர் நினைத்தார்கள். புது மெஷின் என்பதே மனதில் பதியவில்லை.

அப்புறம் நடந்தது சந்தைக் கணக்கு. போச்சம்பள்ளி சந்தையை நினைத்துப் பாருங்கள். ஜனம் வருவதால்தான் வியாபாரி கடை விரிக்கிறார், கடை இருப்பதால்தான் ஜனம் வருகிறது. ஒரு பக்கம் வற்றினால் இன்னொரு பக்கமும் வற்றிவிடும். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர் என்றதும் வெளிக் கம்பெனிகள் கேம் செய்வதைக் குறைத்தன, கேம் இல்லாததால் வாங்குபவர்களும் குறைந்தார்கள். நிண்டெண்டோ தானே எல்லாவற்றையும் செய்ய வேண்டியதாயிற்று. அதற்கு ஆட்களோ 3டிஎஸ்ஸுக்கும் இதற்குமாகப் பிரிந்து கிடந்தார்கள்.

தர்மபுரி: அப்படியானால் நிண்டெண்டோவின் அடுத்த கன்சோல் ஸ்விட்ச் எப்படி ஜெயித்தது?

வீ யூவில் நல்லதாக இருந்ததைத் தூக்கிப் போடாமல்தான். டிவி இல்லாமல் கையிலிருக்கும் திரையிலேயே ஆடலாம் என்பது வீ யூவில் வந்த யோசனை. ஆனால் பேட் மெஷினை விட்டுத் தள்ளிப் போக முடியாது. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச்சில் மெஷினே கைக்குள் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று பிரிந்திருந்த ஆட்களும் ஒரே மெஷினுக்கு வேலை செய்ய முடிந்தது.

கேம்களையும் வீணாக்கவில்லை. மேரியோ கார்ட் 8 வீ யூவில் சுமார் 84 லட்சம் விற்றது. அதையே கொஞ்சம் மெருகேற்றி ஸ்விட்ச்சில் விட்டபோது ஆறு கோடியைத் தாண்டியது. கேமில் குறையே இல்லை, அதைத் தாங்கிய மெஷினில்தான் குறை. தோற்ற பொருளில் எந்த பாகம் நல்ல பாகம் என்று கண்டுபிடிப்பதைத்தான் நான் மீட்பு என்பேன்.

காவேரிப்பட்டணம்: மைக்ரோசாஃப்ட்டும் இப்படித் தடுமாறியதே?

ஆமாம். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை, உடல் அசைவைப் பார்க்கும் கினெக்ட் கேமராவோடு சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள், போட்டியாளர் சோனியின் பிஎஸ்4 399. அடுத்த வருஷமே கினெக்ட்டைக் கழற்றிவிட்டு 399க்கு வந்தார்கள். 2015இல் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் பலவற்றை அதில் ஓட வைத்தார்கள், 2017இல் சந்தா கட்டிப் பல கேம்களை ஆடும் கேம் பாஸ் வந்தது. பிஎஸ்4ஐப் பிடிக்க முடியவில்லை, ஆனால் ஆட்களைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

அரூர்: எப்போது கைவிடுவது சரி?

கையில் காசு தீருவதற்கு முன்னால். சேகா கம்பெனி 2001இல் தன் டிரீம்காஸ்ட் கன்சோலை நிறுத்திவிட்டு, மற்றவர்களின் மெஷின்களுக்குக் கேம் செய்யப் போனது. அந்த வருஷ டிசம்பரிலேயே சேகாவின் கேம் நாயகன் சோனிக், நிண்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலில் ஓடினான். எனக்கு வலித்தது. ஆனாலும் அது சரியான முடிவு.

ஊத்தங்கரை: மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வீ யூ பரணில் கிடக்கிறது. ஏதாவது பிரயோஜனம் உண்டா அண்ணா?

நிறைய உண்டு. முதலில் அடாப்டரைப் பாருங்கள், 120 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் போட வேண்டும். அமெரிக்க டிஸ்க் மட்டுமே ஓடும், பழைய வீ டிஸ்க்கும் ஓடும். அதன் ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடிவிட்டது. மாமா முன்பே வாங்கிய கேம் இருந்தால் இப்போதே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பேடைத் தொலைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் செட்டிங்ஸுக்குள் போக முடியாது. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் அப்படியே கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறேன்.