எசகுபிசகா வர்ற ஜேசனை ஆப்ஜெக்ட் ஆக்குறது எப்படி? கும்பகோணம் அக்காகிட்ட கேட்டது

கேள்வி (மன்னார்குடி): அக்கா, மேட்டூர் நீர்மட்டம் காட்டுற ஆப் ஒண்ணு சி ஷார்ப்ல எழுதுறேன். வர்ற ஜேசன்ல (JSON, ப்ரோகிராம்கள் டேட்டா அனுப்பிக்கிற எழுத்து வடிவம்) தேதியே கீயா, அதாவது மதிப்புக்கு முன்னாடி வர்ற பேரா இருக்கு, "12-06-2025"னு கீ, உள்ள மட்டம், வரத்து, திறப்பு. ஜேசனைக் கொடுத்து தானா கிளாஸ் (டேட்டாவுக்கான அச்சு) உருவாக்கச் சொன்னா ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கிளாஸ் வருது, முப்பது நாளுக்கு முப்பதா?

பதில்: வேணாம் தம்பி. நாளுக்கு நாள் மாறுற கீ ப்ராப்பர்ட்டி பேரு இல்ல, அதுவே டேட்டாதான். நாள்நிலவரம்னு ஒரே ஒரு கிளாஸ் எழுது, மொத்தத்தையும் டிக்ஷனரியா (கீயைச் சொன்னா அதோட வேல்யூ தர்ற பட்டியல்) வாங்கு, கீ ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துத் தொடர்), வேல்யூ அந்த கிளாஸ். அப்புறம் லூப் ஓட்டி கீயை தேதியா மாத்தி உள்ள போட்டுக்க. ஜேசன்ல வந்த வரிசையை நம்பாத, தேதியா மாத்தின பிறகு நீயே சார்ட் பண்ணு, ஸ்ட்ரிங்காவே சார்ட் பண்ணா ஜூலை 1 வந்து ஜூன் 12க்கு முன்னாடி உக்காந்துடும்.

கேள்வி (திருவாரூர்): ஜாவால ஜாக்சன்னு ஜேசன் படிக்கிற லைப்ரரி வச்சிருக்கேன். ஊர்ல ரெண்டு நெல் கொள்முதல் நிலையம்னா அரே (பட்டியல்) வருது, ஒண்ணுன்னா வெறும் ஆப்ஜெக்ட் வருது, உடைஞ்சிடுது.

பதில்: எக்ஸ்எம்எல்னு இன்னொரு டேட்டா வடிவத்துலேர்ந்து மாத்தின ஜேசன்ல இது அடிக்கடி வரும். அக்செப்ட் சிங்கிள் வேல்யூ ஆஸ் அரேன்னு ஒரு செட்டிங் இருக்கு, ஆன் பண்ணுங்க, போதும். நிலையமே இல்லாத ஊருக்கு கீயே வராது, அதனால லிஸ்ட்டை முதல்லயே காலியா உருவாக்கி வைங்க.

கேள்வி (நன்னிலம்): நெல்லு ஈரப்பதம் ஒரு இடத்துல 17, ஒரு இடத்துல "17%", சில இடத்துல வெறும் காலி கோட்ஸ் (""). டபுள்னு (தசம எண் வகை) போட்டா எர்ரர்க்கா.

பதில்: இதுக்கு ரெண்டு கிளாஸ் வைக்கணும். ஒண்ணு ஜேசன் எப்படி வருதோ அப்படியே வாங்குறதுக்கு, இன்னொண்ணு உங்க ப்ரோகிராமுக்கு வேண்டிய மாதிரி சுத்தமா. நடுவுல மாத்துற ஒரு ஃபங்ஷன், சதவீதக் குறியை எடுக்குறது, ட்ரிம் பண்றது எல்லாம் அங்கதான், வேற எங்கயும் வேணாம். முக்கியமா காலியை 0 ஆக்காதீங்க, நல்னு (null, மதிப்பே இல்லைன்னு அர்த்தம்) வைங்க, இதை நான் பட்டு சொல்றேன், ஒரு தடவை 16, 18, காலி அப்படின்னு மூணு மூட்டைக்கு சராசரி 17 வர்றதுக்குப் பதிலா 11.33னு வந்துச்சு, ரெண்டு நாள் தேடினேன். கொள்முதல்ல வழக்கமான வரம்பே 17தான், வரம்பைத் தளர்த்துற வருஷமும் உண்டு. அளக்காத மூட்டை நல்லா காஞ்ச மூட்டைன்னு கணக்குல ஏறினா வெளையவச்ச மனுசனுக்கும் நியாயமில்ல, எடுக்குறவங்களுக்கும் நியாயமில்ல.

கேள்வி (மயிலாடுதுறை): பைதான்ல லோட்ஸ் (ஜேசன் எழுத்தைப் படிச்சு டேட்டாவா மாத்துற ஃபங்ஷன்) பண்ணா உள்ள இருக்குற ஒரு ஃபீல்டு பேக்ஸ்லாஷோட ஸ்ட்ரிங்காவே நிக்குது. ரீப்ளேஸ் போட்டு பேக்ஸ்லாஷை எடுத்துடலாமா?

பதில்: எடுக்காதீங்க தம்பி, குறிப்புல யாராவது கோட்ஸ் போட்டிருந்தா அங்கயே கிழிஞ்சிடும். அந்த ஃபீல்டை மட்டும் இன்னொரு தடவை லோட்ஸ் பண்ணுங்க.

கேள்வி (பாபநாசம்): ஜாவாஸ்கிரிப்ட்ல 17 இலக்க ரசீது எண்ணோட கடைசி நம்பர் மாறிடுது அக்கா.

பதில்: 9007199254740991க்கு மேல போனா முழு எண் அங்க துல்லியமா நிக்காதும்மா. பார்ஸ் ஆன பிறகு, அதாவது ஜேசனைப் படிச்சு எண்ணா மாத்தின பிறகு, ஸ்ட்ரிங்கா மாத்தி புண்ணியமில்ல, போன இலக்கம் போனதுதான். அனுப்புற பக்கமே கோட்ஸுக்குள்ள வச்சு அனுப்பச் சொல்லு, ரசீது எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போறதில்லையே.