“சுற்றுமுற்றும் தெரியாது” என்றால் என்ன? திருகோணமலையில் வேலை செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கப்பலில் அதிகாரியாக இருந்தவன் நான். இப்போது திருகோணமலையில் வேலைத்தலப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். அங்கே வந்தவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: அண்ணா, உப்புவெளியில ஹோட்டல் வரவேற்பில நிக்கிறன். சொன்ன வேலையில பிழை விட்டதில்லை. எனக்குப் பிறகு வந்தவர் சுப்பவைசர் ஆகிட்டார். எனக்குச் சுற்றுமுற்றும் தெரியாதாம். என்ன அர்த்தம்?

பதில்: தம்பி, மிக்கா எண்ட்ஸ்லி என்ற ஆய்வாளர் 1995இல் சுற்றுமுற்றும் தெரிந்திருப்பதை மூன்று படியாக விளக்கினார்: காண்பது, கண்டது என்னவென்று விளங்கிக்கொள்வது, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது. ஓகஸ்ட் சீசனில் ஆறு விருந்தினர் புறாத்தீவுக்கு விடிய ஆறு மணிக்கு வாகனம் கேட்கிறார்கள். வாகனத்தைப் பதிந்தால் சொன்ன வேலை முடிந்தது. ஆனால் காலைச் சாப்பாடு ஏழு மணிக்குத்தானே. அவர்கள் பசியோடு போவார்கள், திரும்பி வந்து முறைப்பாடு சொல்வார்கள். இரவே சமையலறைக்குச் சொல்லி ஆறு பார்சல் கட்டவைத்தால் மூன்று படியும் ஏறிவிட்டீர்கள். உங்களில் பலர் முதற்படியில் நிற்பது திறமை இல்லாததால் அல்ல. “அது என்ர வேலை இல்லை” என்ற எண்ணத்தால்தான்.

கேள்வி: கணக்குப் பகுதியில இருக்கிறன். வேலையில மூழ்கினா பக்கத்தில கதைக்கிறதும் கேட்காது. அது நல்ல கவனம்தானே?

பதில்: நல்லதுதான் தங்கச்சி, அளவோடு. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைட்டட் 173 விமானம் தரையிறங்க வந்தது. சில்லில் ஏதோ கோளாறு. விமானி அதிலேயே மூழ்கி, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வானில் சுற்றினார். எரிபொருள் குறைவது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த விமானியின் மனதில் பதியும்படி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். விமானக் குழுவினருக்கு ஒன்றாக வேலை செய்யும் பயிற்சி பரவ இந்த விபத்து ஒரு முக்கிய காரணம். ஆகவே ஒரு கணக்கை முடித்ததும் அடுத்ததைத் தொடமுன் தலையை நிமிர்த்துங்கள். இன்று என்ன அவசரம், யார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: மேலதிகாரியின்ர முகத்தைப் பார்த்து நடக்கிறது பந்தம் பிடிக்கிறது இல்லையா?

பதில்: இல்லை. அவர் எதற்குப் பதில் சொல்லவேண்டியவர் என்று தெரிந்து வேலை செய்வது வேறு, புகழ்வது வேறு.

கேள்வி: சேர், களஞ்சியத்தில வேலை. பிழை நடக்கப்போறது தெரியும். பெரியாக்களுக்குச் சொல்லப் பயம்.

பதில்: இந்தப் பயத்தை நான் அனுபவித்திருக்கிறேன். இளம் அதிகாரியாக இருந்தபோது, ஓர் இரவு தூரத்தில் மீன்பிடி வள்ளத்தின் மங்கிய வெளிச்சம் தெரிந்தது. கடலில் ஒரு விதி உண்டு: கிட்ட வரும் கலம் தெரியும் திசை மாறாமலே இருந்தால், மோதும் ஆபத்து. அந்த வெளிச்சத்தின் திசை மாறவில்லை. கப்டன் பக்கத்தில்தான் நின்றார். அவரும் கண்டிருப்பார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். கடைசி நேரத்தில்தான் கப்பலைத் திருப்பினோம். “கண்டாயா?” என்றார். கண்டேன் என்றேன். “அப்ப ஏன் சொல்லேல்லை?” இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் பிழை பிடிப்பது போலச் சொல்லாமல், கண்டதையும் வரப்போவதையும் செய்யக்கூடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “சேர், வெளியில 40 சாக்கு மூடாமல் கிடக்கு. வானம் இருட்டுது. படங்கு போடவா?” எந்த அதிகாரி இதற்குக் கோபிப்பார்? மாரியில், வாடைக்காற்று மழை கொண்டுவரும் ஊரில், இப்படி இரண்டு தரம் சொன்னவரின் பெயர் மறக்காது.

கேள்வி: எங்க தொடங்கிறது அண்ணா?

பதில்: வேலைமுறை (ஷிப்ட்) மாறும் நேரத்தில். போகிறவரிடம் “எல்லாம் ஓகேயா?” என்று கேட்காதீர்கள், “ஓம்” என்றுதான் வரும். “எது பாதியில நிக்குது?” என்று கேளுங்கள்.